பிசிலம்மாவின் சாப்பாட்டு நேரம்

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்த என் மனைவி, வெளிர்மஞ்சள் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். வலது முழங்கையிலும் முதுகிலும் பச்சைக் கறை. எந்த சோப்புக்கும் மசியாத புல் கறை. "இத ஸ்கூட்டர் தொடைக்க வெச்சுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். ரசகற்பூர உருண்டை வாசனைதான் அடித்தது. ஆனால் மூக்கு ஒன்றை மோந்துகொண்டிருக்கும்போதே மனசு வேறொன்றை மோந்துவிடும், உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும். எனக்கு வெட்டின புல் வந்தது, அதற்குப் பின்னால் கற்பூரம் வந்தது, அதற்கும் பின்னால் சூடான பன் வந்தது.

பன்னிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நான் சேர்ந்த இடம் ஒரு பேக்கரி. படிப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், பரீட்சைதான் வரவில்லை. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதுமே படித்ததெல்லாம் மறந்துவிடும். பேக்கரியில் கேள்வித்தாள் கிடையாது, பன் வெந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும் என்று நம்பிச் சேர்ந்தேன். அங்கே போயும் அடுப்புக் கதவைச் சாத்தினோமா, மாவு மூட்டையை எலி எட்டாத இடத்தில் வைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுகிற ஆளாகத்தான் இருந்தேன். ஹாசன் பக்கத்துக்காரரான முதலாளி எல்லோரிடமும் சொல்வார்: "இவன் இருக்கற வரைக்கும் கடைக்குப் பூட்டு வேண்டாம். இவனே வந்து வந்து பாத்துட்டுப் போவான்."

அப்போது எங்கள் குடும்பம் இருந்தது ஒரு பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்து லைன் வீடுகளில். பல்கலைக்கழகத்தின் பெயர் எதற்கு, பெங்களூரில் இருப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். ஊகம் தப்பானாலும் நஷ்டமில்லை. ஆர்க்காடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் கார்ப்பரேஷன் வேலைக்கும் வந்தவர்கள், நடுவில் சில கன்னடக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், தர்காவுக்குப் போகிறவர்கள் என்று ஒரே சந்துக்குள் எல்லோரும் இருந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் பின்பக்கம் சுவர் கிடையாது. அறுந்து தொங்கும் முள்கம்பி மட்டும்தான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தால் பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்குவழி. அந்த ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் ஓவியச் சிற்பப் பிரிவு மாணவர்கள் செய்த சிலைகள் கிடந்தன. முறுக்கின இரும்பு, ஓட்டை போட்ட கல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த சக்கரங்கள். செய்தவர்கள் படிப்பு முடிந்து போய்விட்டிருந்தார்கள். நாங்கள் இரும்பில் ஆடு கட்டினோம், சக்கரங்களின்மேல் துணி உலர்த்தினோம். ஓட்டைக் கல்லுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு அலறிய பையன்களும் உண்டு.

துணி உலர்த்தாத சிலை ஒன்றே ஒன்றுதான். சிமெண்டில் செய்த பெண். காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். மடியில் கிண்ணம் மாதிரி ஒரு குழிவு. தலையில் கிரீடம் மாதிரி ஒரு வளையம். கண் பாதி மூடியிருக்கும். மேலே மரமில்லை, கூரையில்லை, மொட்டை வெயில். அதனால் கன்னடக்காரர்கள் அவளுக்குப் பிசிலம்மா என்று பெயர் வைத்தார்கள். பிசிலு என்றால் வெயில். முதல் பூவை யார் வைத்தது என்பதில் வீட்டுக்கு ஒரு கதை. எங்கள் லைனில் பூக்கட்டி விற்ற சரோஜா, காணாமல் போன தன் பையன் அந்தச் சிலைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்து கிடைத்தான் என்று சொல்லி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்க ஆரம்பித்தாள். பிறகு மஞ்சள் வந்தது, சிவப்புத் துணி வந்தது, மடிக் குழிவில் கற்பூரம் எரிந்தது. எதிர்வீட்டு பிலோமினாக்கா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவர்கூட அந்தப் பக்கம் போகும்போது கையைச் சேலைக்குள் மறைத்துச் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொள்வார். கேட்டால், "சும்மா ஒரு சேஃப்டிக்கு மேன்" என்பார்.

என் தங்கை விஜயாவுக்கு டைபாய்டு வந்தது அந்த நாட்களில்தான். சின்னப் பெண். ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பேக்கரியிலிருந்து பன்னும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். ஒரு நாள் விஜயா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். வெளியே வந்தவன் எப்படி நடந்தேன் என்று தெரியாது. உச்சி வெயிலில், கையெல்லாம் மைதாவோடு, பிசிலம்மா முன்னால் நின்றேன். என்ன தருவதாகச் சொல்வது? கோழி அடிக்கக் காசில்லை, புடவை சாத்தக் காசில்லை. காசில்லாதவனிடம் உடம்பு ஒன்றுதானே இருக்கிறது. "அவ எழுந்து நடந்தா உன்னச் சுத்தி உருள்றேன் தாயே" என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்து நடந்தாள். நான்தான் உருளவில்லை. உருள மனமில்லாமல் அல்ல. அவள் வீட்டுக்கு வந்த வாரம் பெய்த மழையில் அந்த இடம் முழங்கால் சேறு. "காயட்டும், அப்புறம் உருளு. இருக்கற ஒரே பேண்ட்ட நாசம் பண்ணாத" என்றாள் அம்மா. காய்வதற்குள் ஒரு கிரேன் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி யாரோ சிலைகளையெல்லாம் உள்ளே கொண்டுபோய் ஒழுங்காக வைக்கச் சொல்லிவிட்டாராம். சரோஜா கிரேன் முன்னால் நின்று சத்தம் போட்டாள். பிசிலம்மா சிவப்புத் துணியோடு ஆகாயத்தில் ஆடி ஆடிப் போனதை லைனே நின்று பார்த்தது. அடுத்த மாதமே பின்பக்கச் சுவர் எழும்பிவிட்டது.

அதற்குப் பிறகு என் பிழைப்பை நினைத்துப் பாருங்கள். இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அவனுக்குக் காரணமும் கிடைத்துவிட்டால்? ஸ்கூட்டர் பஞ்சர் ஆனால் பிசிலம்மா. மகள் கணக்கில் ஃபெயில் ஆனால் பிசிலம்மா. லைன் வீடுகளை இடித்தபோது நாங்கள் ஒக்கலிபுரத்துக்கு வந்தோம், விஜயா கல்யாணமாகி ஹெப்பகோடிக்குப் போனாள், அவள் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை போனது. அதுவும் என் கணக்கில்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை. பெரிய கேட் வழியாகப் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். படித்தவர்கள் போகும் கேட். செக்யூரிட்டி "எங்கே?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், உருளப் போகிறேன் என்றா?

சென்ற வருடம் விஜயாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் எந்த மாதிரிக் கட்டி என்று தெரியுமாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்த அதே வாரம் பிலோமினாக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டேய், யூனிவர்சிட்டில நம்ம பழைய லைன் ஜனங்களக் கூப்புடறாங்க மேன். சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் உள்ள இருக்கற சிலை, பெயின்டிங் எல்லாம் காட்டுவாங்களாம். டிபன் உண்டு. விஜியையும் கூட்டிட்டு வா, மனசு மாறும்." மறுபடி ஒரு தடவை போட்டுக் கேட்டேன். கூப்பிட்டது பல்கலைக்கழகம் இல்லை என்றே பட்டது.

மெட்ரோவில் போகும்போது உருளாமல் விட்ட கதையை விஜயாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "இத்தன வருஷமா என் தலவலிக்கெல்லாம் நீதான் காரணமாண்ணா? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து உருட்டி விட்டிருப்பேனே!" பிறகு சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் பயம் இருந்தது. என்னைப்போல் அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

கேட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையில் 'விருந்தினர்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சுற்றிக் காட்ட வந்தவள் காவ்யா என்று ஒரு இளம் ஆசிரியை. கன்னடக்காரப் பெண், பக்கத்து வீட்டில் பழகிய தமிழ். ஒவ்வொரு சிலை முன்னாலும் நிறுத்தி, செய்தவர் யார், எதை நினைத்துச் செய்தார் என்று பொறுமையாகச் சொன்னாள். பழைய ஓட்டைக் கல்லைப் புல்லுக்கு நடுவில் மேடை கட்டி வைத்திருந்தார்கள். பிலோமினாக்கா அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிருச்சா மா, இன்னும் வேலை பாக்கியா?" என்று கேட்டார்.

"முடிஞ்சது மேடம். இதுக்கு அர்த்தம் இதுதான்னு இல்லை. பாக்கறப்ப உங்களுக்கு என்ன ஃபீல் ஆகுதோ அதுதான்."

"எனக்கு முட்டி வலிதான் ஃபீல் ஆகுது. எங்க உக்கார்றது?"

நான் சிலைகளைப் பார்க்கவில்லை. திருப்பம் வரும்போதெல்லாம் அவள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். நூலகத்தைத் தாண்டி ஒரு பெரிய புல்வெளி. அங்கங்கே மாணவர்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். நடுவில் அவள் இருந்தாள். துணி இல்லை, மஞ்சள் இல்லை, கழுவிவிட்ட முகம். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். செக்யூரிட்டி ஓடிவந்து, "அம்மா, சப்லி ஹாக்கொள்ளி, முள்ளு இருக்கு" என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

காவ்யா எங்கள் முகங்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள். செய்தவர் இங்கே படித்த மாணவர். நூலகம் கட்டிக்கொண்டிருந்தபோது செங்கல் சுமந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் செய்தாராம். தலையில் இருப்பது கிரீடம் இல்லை, சும்மாடு. மடியில் இருப்பது சாப்பாட்டுக் கிண்ணம். வேலைக்கு நடுவில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். சிலையின் பெயர் 'லன்ச் பிரேக்'.

சரோஜாதான் முதலில் வாயைத் திறந்தாள். இப்போது அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. "அப்ப வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் எண்ண ஊத்துனது யாருக்கு?"

"மடியில பாருங்கம்மா" என்றாள் காவ்யா. கிண்ணத்துக்குள் கறுப்பாக இருந்தது. "உங்க கற்பூரம். சிலையைக் கழுவினப்ப இதையும் சுரண்டப் பார்த்தாங்களாம். இங்கே இருந்த ஒரு ப்ரொஃபசர்தான் விடக் கூடாதுன்னு தடுத்தாராம். இதுவும் சிலையோட பாகம்னு."

சரோஜா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "கொத்து வேலக்காரியா இருந்தா இன்னா? எம்புள்ள கெடச்சான் இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

விஜயா என் காதோரம் வந்தாள். "பாவம்ணா. அந்தம்மா சாப்பிட உக்காந்த நேரமாப் பாத்துப் போய் என் உசிரக் கேட்டிருக்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பிலோமினாக்காவுக்குக் காது கூர்மை. என்ன, யார் உசிர், எப்போ என்று தோண்டித் துருவி எடுத்துவிட்டார். அடுத்த நிமிடம் லைன் ஜனம் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. கலையைப் பார்க்க வந்தவர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். சாமியே இல்லாத சிலைக்கு வேண்டிக்கொண்டால் அது சேருமா, சேராதா?

"சேராது. ஆளே இல்லாத வீட்ல யாருக்கு ஜவாப் சொல்றது?" என்று ஒரு கட்சி.

"அட்ரஸ் தப்பா எழுதினாலும், போஸ்ட்மேன் தெரிஞ்சவனா இருந்தா லெட்டர் போய்ச் சேரும் மேன்" என்றார் பிலோமினாக்கா. "ஆண்டவருக்குத் தெரியாதா இவன் யார நெனச்சுக் கேட்டான்னு? சொன்னா சொன்னதுதான். உருளு."

"அக்கா, அவனுக்கு பி.பி. இருக்கு" என்றாள் சரோஜா.

விஜயா இரண்டு கையையும் தூக்கினாள். "எனக்காக வேண்டுனதுதானே? நான் சொல்றேன், வேண்டாம். ஆய்த்து, முடிஞ்சுது. வாங்க, டிபனுக்குப் போலாம்."

அதோடு விட்டிருக்கலாம். சாமியில்லை என்றார்கள், யாருக்காக வேண்டினேனோ அவளே வேண்டாம் என்றாள். வேறொருவன் என்றால் இட்லியைப் பார்த்து நடந்திருப்பான். எனக்குக் கால் நகரவில்லை. அடுத்த வாரம் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள், கதவைச் சாத்துவார்கள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அப்போது இந்தப் புல்வெளி என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் என்று தெரிந்தது. காவ்யாவிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், இங்க… கீழ படுக்கலாமா?" என்றேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சிரிக்கவில்லை. "சிலையைத் தொடக் கூடாது சார். புல்லுல படுக்க இங்கே யாருமே கேட்கறதில்லை, பாருங்க" என்று படுத்துக் கிடந்த மாணவர்களைக் காட்டினாள்.

படுத்தேன். புல் ஈரமாக இருந்தது. மேலே ஆகாயம், பிசிலம்மாவின் பாதி மூடிய கண், அப்புறம் புல், அப்புறம் யாருடைய பாதமோ, அப்புறம் மறுபடி ஆகாயம். பாதிச் சுற்றிலேயே தலை சுற்றியது. "ண்ணா, எடது பக்கம் போற! இப்பிடி, இப்பிடி" என்று விஜயா கூடவே குனிந்து நடந்தாள். மேலே ஏறின சட்டையை இழுத்து இழுத்து என் தொப்பையை மூடினாள். செக்யூரிட்டி, "ஏன்ரீ இது, என்ன இது?" என்று கேட்பது காதில் விழுந்தது. படுத்திருந்த மாணவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு பையன் மரியாதையாகப் பக்கத்தில் வந்து, "இது பெர்ஃபார்மன்ஸா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"ஆமாம்பா" என்றாள் விஜயா. "ஒரே ஷோ. இனிமே கெடையாது."

சுற்று முடிந்ததும் அவர்கள் கை தட்டினார்கள். அரை மூச்சில் மல்லாந்து கிடந்தேன். பத்தாவது எழுதாதவனுக்குப் பல்கலைக்கழகத்தில் கைதட்டல் என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. நெஞ்சை யாரோ வருஷக்கணக்காக மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஆறு இட்லி சாப்பிட்டேன் என்று பிலோமினாக்கா இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாப்பிட்ட பிறகு நானும் விஜயாவும் பின்பக்கமாகப் போய் லைன் இருந்த இடத்தைப் பார்த்தோம். அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் கட்டடம். எந்தத் தூணுக்குக் கீழே எங்கள் வீடு, எங்கே தண்ணீர்க் குழாய் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டிச் சண்டை போட்டுவிட்டு வந்தோம்.

ஆபரேஷன் அன்று, நோயாளிக்கு ஒரு ஆள்தான் கூட இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஓடிக்கொண்டிருந்ததால் காத்திருக்கும் கூடத்தில் நான் உட்கார்ந்தேன். பழக்க தோஷம், மனசு தானாக 'இவ நல்லபடியா வந்துட்டா…' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் போகவில்லை. பயம் இருந்தது. ஆனால் அது வெறும் பயம், என்மேல் பழி போடாத பயம். அப்படி ஒன்றை நான் அதுவரை அனுபவித்ததே இல்லை.

அவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் லைனே நின்றது. பிலோமினாக்கா மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். தர்காவுக்குப் போய்க் கயிறு மந்திரித்து வாங்கி வந்தார் பின்வீட்டு பாய் அம்மா. நான் ஒருவன் மட்டும்தான் வேண்டிக்கொண்டதுபோல் இத்தனை காலம் சுமந்திருக்கிறேன். அந்த வாசலில் நின்ற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு பிடி பயத்தை எங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டிருந்தது அந்தக் கூடத்தில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

டாக்டர் வெளியே வந்து, கட்டியை எடுத்தாயிற்று, நல்லபடியாக இருக்கிறாள் என்றார். பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவும் கெட்ட கட்டி இல்லை என்றே வந்தது. முடிவை வாங்கிக்கொண்டு அதே கூடத்துக்குத் திரும்பி வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே ஒரு நாற்காலியில் காதில் ஒயரோடு ஒருத்தர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். "என் தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லையாம் சார்" என்றேன்.

அவர் ஒயரைக் கழற்றினார். நான் மறுபடி சொன்னேன். "ஹௌதா? ஒள்ளேதாய்த்து" என்றார். நல்லதாகப் போயிற்று என்று அர்த்தம். பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்து, உட்காரச் சொன்னார். உட்கார்ந்து பழைய லைன் ஜனங்கள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்ய ஆரம்பித்தேன். ஒருவர் ஒயிட்ஃபீல்டில், ஒருவர் ஓசூரில், சரோஜா மகனோடு எங்கேயோ மைசூர் ரோட்டில். மணியடித்து, எடுத்து, யார் என்று கேட்டு, சொல்லி, மறுபடி அடுத்தவர். லைனில் இருந்த நாட்களில் இப்படி ஒரு சேதியை நான் சுமந்துகொண்டு போக வேண்டியதே இருக்காது. நான் முள்கம்பியைத் தூக்கிக் குனிவதற்குள் அது எனக்கு முன்னால் சந்துக்குள் ஓடிப்போயிருக்கும், கடைசி வீட்டில் யாரோ ஏற்கெனவே பாயசத்துக்கு அடுப்பு மூட்டியிருப்பார்கள்.